மோதிரக் கல்லும் மெய்ம்மொழியும்



நம் பாட்டியர் காலத்தில் திருமண உறுதி என்பது தாம்பூலத் தட்டு மாற்றிக்கொள்வதோடு நிறைவுற்றது. பெரியோர் வாய்ச்சொல்லே அதற்கு முத்திரை. இக்காலத்தில் மணமகனும் மணமகளும் ஒருவர்க்கொருவர் மோதிரம் அணிவிக்கும் வழக்கம் நம் சிற்றூர்களிலும் வேரூன்றிவிட்டது. வெறும் பொன் மோதிரம் என்ற நிலையும் மாறி, நிறக்கல் பதித்த மோதிரத்தை இளையோர் விரும்புகின்றனர். விரும்புவதில் பிழை இல்லை. ஆனால் பொன்னைப் பற்றி அறிந்ததில் பத்தில் ஒரு பங்குகூடக் கல்லைப் பற்றி நாம் அறியோம். சவரன் விலை, சேதாரம், செய்கூலி ஆகியவற்றை நம் இல்லத்தரசியர் மனப்பாடமாகச் சொல்வர். கல் என்றதும் கடைக்காரர் சொன்னதே முடிவு என்று அமைதியாகிவிடுவர். அந்த அமைதியால் விளையும் தீங்கு யாது, அதனை நீக்கும் வழி யாது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

'தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்க' என்பது ஆசிரியப் பயிற்சியில் எமக்கு முதலில் கற்பிக்கப்பட்ட விதி. ஆதலின் நாம் அனைவரும் அறிந்த சிலம்பிலிருந்து தொடங்குவோம். சிலப்பதிகாரத்தில் பாண்டிமாதேவியின் சிலம்பில் இருந்த பரல் முத்து. கண்ணகியின் சிலம்பில் இருந்த பரல் மாணிக்கம். வெளியே பார்த்தால் வேறுபாடு தெரியாது. பொற்கொல்லன் ஒருவன் சொன்னதைக் கேட்டு, உள்ளிருப்பது யாது என ஆராயாமலே அரசன் ஆணையிட்டான். சிலம்பு உடைந்து மாணிக்கம் தெறித்த பின்னரே உண்மை வெளிப்பட்டது. அதற்குள் ஓர் உயிர் போயிற்று. கல்லை ஆராயாமல் பேசும் சொல் பிறரை எவ்வளவு வருத்தும் என்பதற்கு இதனினும் பெரிய சான்று வேண்டா.

எம் இல்லத்தில் நிகழ்ந்தது

2016ஆம் ஆண்டு தை மாதம் எம் பெயர்த்திக்குத் திருமணம் உறுதி செய்தோம். மாப்பிள்ளைக்கு அணிவிக்கச் சிவப்புக்கல் மோதிரம் ஒன்றை நகரத்துக் கடையொன்றில் வாங்கினோம். பல்லாண்டு பழகிய கடை. "பர்மா மாணிக்கம் அம்மா, கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம்" என்றார் விற்பனையாளர். யாமும் ஏறத்தாழ அவ்வாறே வாங்கினோம். விலைச்சீட்டில் 'கல் மோதிரம்' என்ற இரு சொற்களே இருந்தன. சம்பந்தி வீட்டாரிடம், "அசல் பர்மா மாணிக்கம்" என்று யாமே பெருமையுடன் சொன்னோம்.

மோதிரம் மாப்பிள்ளையின் விரலுக்குத் தளர்வாக இருந்தது. சம்பந்தியம்மாள் தம் ஊர்ப் பத்தரிடம் அதனைக் கொடுத்துச் சிறிது இறுக்கித் தரச் சொன்னார். அப்பத்தர் மூன்று தலைமுறையாக அவ்வீட்டாருக்கு நகை செய்யும் குடும்பத்தவர். மாணிக்கம் தீயைத் தாங்கும் என்பது பத்தர்கள் வழிவழியாக அறிந்த செய்தி. ஆதலின் கல்லைக் கழற்றாமலே வளையத்தைப் பற்றவைத்து, திராவக நீரில் இட்டுக் கழுவியிருக்கிறார். வெளியே எடுத்தபோது கல் மங்கி, உள்ளே சிலந்திவலை போலக் கோடுகள் ஓடியிருந்தன.

"நாங்கள் கொடுத்த கல் இதுவன்று, பத்தர் மாற்றிவிட்டார்" என்ற பேச்சு ஒரே நாளில் ஊர் முழுவதும் பரவியது. செய்தி எமக்கு எட்டியபோது, காவல் நிலையத்தில் முறையிட வேண்டும் என எம் மகன் சினந்தான். யாமும் அதனை மறுக்கவில்லை. இதனை எழுதும்போதும் நாணுகிறோம். மாப்பிள்ளை ஒருவர்தாம், "முதலில் கல்லை ஆய்வுக்கூடத்தில் காட்டுவோம், பிறகு பேசுவோம்" என்றார்.

ஆய்வறிக்கை வந்தது. 'கல் இயற்கை மாணிக்கமே; எனினும் விரிசல்கள் மிகுந்த தாழ்ந்த வகை. அவ்விரிசல்கள் ஈயம் கலந்த கண்ணாடியால் நிரப்பப்பட்டுள்ளன. வெப்பத்தாலும் அமிலத்தாலும் அக்கண்ணாடி சிதைந்துள்ளது' என்பது அதன் சாரம். நிச்சய நாளில் மோதிரத்தை அருகில் வைத்து எடுத்த புகைப்படத்தில், கல்லின் ஓரத்தில் கரும்புள்ளி ஒன்று தெரிந்தது. மங்கிய கல்லிலும் அதே இடத்தில் அதே புள்ளி இருந்தது. பத்தர் கல்லை மாற்றவில்லை.

கடைக்காரரிடம் அறிக்கையைக் காட்டினோம். அவர் சிறிதும் தயங்காமல், "இந்த விலைக்கு இந்த வகைக் கல்தான் அம்மா தர முடியும். நீங்கள் கேட்கவில்லையே" என்றார்.

நாற்பதாண்டுக் காலம் வகுப்பறையில் கேள்வி கேட்டே வாழ்ந்த எமக்கு, நீங்கள் கேட்கவில்லையே என்ற அச்சொல் சுட்டது. அன்று கேட்கத் தவறிய கேள்விகளை ஐந்தாக வகுத்து ஈண்டுத் தருகிறோம்.

முதற் கேள்வி: இக்கல்லின் இனம் எது?

கடையில் வழங்கும் பெயர் வேறு, கல்லின் இனம் வேறு. சிவப்பு நிறமுடைய எல்லாம் மாணிக்கம் அல்ல. நீல நிறமுடைய எல்லாம் நீலம் அல்ல. மாணிக்கமும் நீலமும் ஒரே கனிமத்தின் இரு நிறங்கள். அக்கனிமத்திற்கு அறிவியலார் வழங்கும் கொரண்டம் என்னும் பெயர், 'குருந்தம்' என்ற நம் நாட்டுச் சொல்லிலிருந்தே பிறந்தது. அதில் குரோமியம் சிறிதளவு கலந்தால் சிவப்பு. இரும்பும் டைட்டானியமும் கலந்தால் நீலம்.

'புஷ்பராகம்' என்ற பெயரைப் பாருங்கள். மஞ்சள் நிறக் குருந்தத்தையும் அப்பெயரால் அழைப்பர். டோபாஸ் என்னும் வேறு கனிமத்தையும் அப்பெயராலேயே அழைப்பர். படிக இனத்தைச் சேர்ந்த மலிவான மஞ்சள் கல்லும் சில இடங்களில் 'கோல்டன் டோபாஸ்' என்று விற்பனையாகிறது. மூன்றின் விலையும் மடுவுக்கும் மலைக்கும் உள்ள வேறுபாடு உடையவை. வைடூரியம் என்ற சொல்லின் வரலாறும் இத்தகையதே. 'பெரில்' என்ற மேனாட்டுச் சொல், பிராகிருதத்தில் வழங்கிய 'வேருளிய' என்பதன் வழிவந்தது எனச் சொல்லறிஞர் கூறுவர். அதே சொல்லின் வடிவமாகிய வைடூரியம் இன்று நம்மிடையே பூனைக்கண் கல்லைக் குறிக்கிறது.

பேரரசர்களும் பெயரால் ஏமாந்தவர்களே. இங்கிலாந்து மன்னரின் மணிமுடியில் பதித்துள்ள 'கருப்பு இளவரசரின் மாணிக்கம்' மாணிக்கமே அன்று. அது ஸ்பைனல் என்னும் வேறு கல். மாணிக்கத்தையும் ஸ்பைனலையும் அறிவியல் முறையில் பிரித்துணர்ந்தது 1783இல்தான். ஆதலின், "இதன் கனிமப் பெயர் என்ன?" என்று கேட்டறிக.

இரண்டாம் கேள்வி: நாள்தோறும் அணியத் தாங்குமா?

காதணிக்கும் பதக்கத்திற்கும் ஏற்ற கல் எல்லாம் மோதிரத்திற்கு ஏற்றதாகாது. மோதிரம் அணிந்த கை பாத்திரம் துலக்கும்; தேங்காய் துருவும்; பேருந்தின் கம்பியைப் பற்றும். கற்களின் கடினத்தை அளக்க ஜெர்மானியர் பிரெடரிக் மோஸ் 1812இல் ஓர் அளவை வகுத்தார். அதன்படி:

வைரம் – 10
மாணிக்கம், நீலம், மஞ்சள் குருந்தம் – 9
வைடூரியம் (பூனைக்கண்) – 8.5
ஸ்பைனல், டோபாஸ் – 8
மரகதம், அக்வாமரின் – 7.5 முதல் 8
செவ்வந்திக்கல் முதலிய படிக இனம் – 7
கோமேதகம் – ஏறத்தாழ 7
சந்திரகாந்தம் – 6 முதல் 6.5
ஓப்பல் – 5.5 முதல் 6.5

நாம் நடமாடும் இடமெங்கும் படியும் புழுதியில் மணல்துகள் உண்டு. மணலின் கடினம் 7. எனவே 7க்குக் கீழ்ப்பட்ட கல், துணியால் துடைத்துத் துடைத்தே பொலிவிழக்கும். நிச்சய மோதிரம் ஆயுள் முழுதும் அணிவதற்கு உரியது. ஆதலின் 8க்கு மேற்பட்ட கல்லைத் தேர்வது நன்று.

கடினம் வேறு, உறுதி வேறு என்பதையும் மாணவர் மறத்தலாகாது. மரகதம் கீறலைத் தாங்கும், அடியைத் தாங்காது. அதனுள் இயல்பாகவே நுண்விரிசல்கள் மிகுதி. டோபாஸ் ஒரு திசையில் அடிபட்டால் பிளந்துவிடும். மரகதமே வேண்டும் என விரும்புவோர், கல்லின் விளிம்பைப் பொன் முழுதும் சூழ்ந்து காக்கும்படி மோதிரத்தை அமைத்தல் வேண்டும். வீட்டு வேலையின்போது கழற்றி வைத்தலும் வேண்டும்.

மூன்றாம் கேள்வி: நிலத்தில் விளைந்ததா, உலையில் விளைந்ததா?

பிரான்சு நாட்டு வேதியியலார் அகஸ்தே வெர்னுய் என்பார், தூளாக்கிய அலுமினாவைச் சுடரில் உருக்கி மாணிக்கம் வளர்க்கும் முறையை 1902இல் வெளியிட்டார். அவ்வாறு விளைந்த கல்லின் வேதியியல் அமைப்பும் கடினமும் இயற்கை மாணிக்கத்தை ஒத்தவையே. நம் வீட்டுப் பழைய கெம்புக்கல் நகைகளிலும் இத்தகைய கற்கள் இருப்பதுண்டு. திருச்சிராப்பள்ளியைச் சூழ்ந்த ஊர்களில் செயற்கைக் கற்களைப் பட்டை தீட்டுதல் பல குடும்பங்களுக்குச் சோறளித்த தொழில்.

செயற்கைக் கல் இழிவானது அன்று. பொருள்வளம் குறைந்த இல்லத்தார், "இது செயற்கைக் கல்" என்று வெளிப்படையாகச் சொல்லி அணிவித்தால் அதில் குறையே இல்லை. செயற்கையை இயற்கை என்று சொல்லி விற்பதே குற்றம். கண்ணாடியும், மேலே ஒன்று கீழே ஒன்றாக இரு துண்டுகளைப் பொருத்திய ஒட்டுக்கல்லும் இவற்றின் வேறானவை. அவற்றை மோதிரத்திற்கு அறவே தவிர்க்க.

இக்கலை புதியதும் அன்று. பெரில் கற்கள் இந்தியாவிலன்றி வேறிடங்களில் அரிதாகவே கிடைக்கின்றன என்று கி.பி. முதல் நூற்றாண்டு உரோமானியர் பிளினி எழுதினார். அதே இடத்தில், இந்தியர் படிகத்திற்கு நிறமேற்றிப் போலி மணிகள் செய்வதையும் அவர் குறித்து வைத்துள்ளார். நம் மண்ணின் புகழும் பழியும் ஒரே ஏட்டில் இடம்பெற்றுவிட்டன.

நான்காம் கேள்வி: என்ன திருத்தம் செய்யப்பட்டுள்ளது?

எம்மை வீழ்த்திய கேள்வி இதுவே. நிலத்தில் விளைந்த கல்லும் கைபடாமல் கடைக்கு வருவது அரிது. திருத்தங்கள் பலவகை. அவற்றைத் தரவரிசையில் அறிதல் வேண்டும்.

வெப்பமூட்டல் முதலாவது. இலங்கையில் 'கெவுடா' எனப்படும் பால்நிறக் குருந்தக் கற்கள் ஒருகாலத்தில் பயனற்றவையாக ஒதுக்கப்பட்டன. 1,600 டிகிரி செல்சியசுக்கும் மேற்பட்ட வெப்பத்தில் அவை அழகிய நீலமாக மாறும் என்பதைத் தாய்லாந்து வணிகர் 1970களில் கண்டு பயன்கொண்டனர். இன்று கடைகளில் காணும் நீலமும் மாணிக்கமும் பெரும்பாலும் வெப்பமூட்டப்பட்டவையே. அந்நிறம் நிலையானது; வணிக உலகம் ஏற்றுக்கொண்டது. ஆயினும் வெப்பமூட்டாத கல்லுக்கு விலை மிகுதி. ஆதலின் அதனைச் சொல்லியே விற்றல் வேண்டும்.

எண்ணெய் ஊட்டல் இரண்டாவது. மரகதத்தின் விரிசல்கள் கண்ணுக்குத் தெரியாதிருக்க, நிறமற்ற எண்ணெயையோ பிசினையோ அவற்றுள் செலுத்துவர். ஏறத்தாழ எல்லா மரகதங்களுக்கும் இது உண்டு. அளவு குறைவா, மிகுதியா என்பதே கேள்வி. இத்தகைய கல்லைச் சுடுநீரில் கழுவுதலும், கடைகளில் உள்ள அதிர்வுக் கருவியில் இட்டுத் தூய்மை செய்தலும் ஆகா.

புறத்திலிருந்து நிறம் ஏற்றுதல் மூன்றாவது. பெரிலியம் போன்ற தனிமத்தைச் சேர்த்துச் சூடாக்கி, வெளிறிய குருந்தத்தை ஆழ்ந்த மஞ்சளாகவும் செம்மஞ்சளாகவும் மாற்றுவர். உயர்ந்த கருவிகள் உள்ள ஆய்வுக்கூடத்தாலன்றி இதனை அறிய இயலாது.

கண்ணாடி நிரப்பல் நான்காவது. மோதிரத்திற்கு எவ்வகையிலும் ஒவ்வாதது. பெரிய சிவப்புக் கல் வியப்பூட்டும் குறைந்த விலைக்குக் கிடைத்தால் முதலில் இதனையே ஐயுறுக. பத்தரின் தீயும் திராவகமும் மட்டுமன்று, எலுமிச்சைச் சாறும் அக்கண்ணாடியை அரிக்க வல்லது. நம் அடுக்களையில் எலுமிச்சை படாத கை உண்டோ?

ஐந்தாம் கேள்வி: எங்கிருந்து வந்தது? எழுதித் தருவீர்களா?

மணிகள் விளையும் மண் நமக்கு அயலன்று. கொங்கு நாட்டில் காங்கேயம் அருகேயுள்ள படியூரில் அக்வாமரின் எனப்படும் கடல்நிற மணி, 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் தோண்டி எடுக்கப்பட்டது. நொய்யல் ஆற்றங்கரையில் உள்ள கொடுமணலில், 1985 முதல் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் நிகழ்த்திய அகழாய்வுகளில், ஈராயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட மணி செய்யும் தொழிற்கூடத்தின் தடயங்கள் கிடைத்தன. சங்க இலக்கியம் பாடிய கொடுமணம் அவ்வூரே என்பர்.

இன்று நீலத்திற்குப் பெயர்பெற்ற இடம் இலங்கையின் இரத்தினபுரி. அங்கு வயல்வெளிகளில் குழி தோண்டி, மணிகள் படிந்த சரளை அடுக்கை எட்டி, அச்சரளையை மூங்கில் கூடையில் இட்டு நீரில் அலசி மணி தேடுவர். மாணிக்கத்திற்குப் பர்மாவின் மோகொக் பள்ளத்தாக்கு நெடுங்காலப் புகழ் உடையது. 2009இல் ஆப்பிரிக்காவின் மொசாம்பிக் நாட்டில் பெரும் மாணிக்கப் படிவு வெளிப்பட்ட பின், அந்நாட்டுக் கற்கள் உலகச் சந்தையில் பெரும் இடம் பெற்றன. மரகதம் கொலம்பியா, சாம்பியா, பிரேசில் நாடுகளினது. அதனைப் பட்டை தீட்டும் பெருநகரம் செய்ப்பூர். அங்குள்ள ஜோஹரி பஜார் வணிகருள் நம் சமயத்தவர் பலர்.

ஊரின் பெயர் கல்லின் விலையை ஏற்றும். எமக்குச் சொல்லப்பட்ட 'பர்மா' என்ற சொல்லும் அதற்காகவே சொல்லப்பட்டது. உயர்ந்த ஆய்வுக்கூடங்களும் பிறந்த இடத்தைக் குறித்துத் தம் கருத்தையே தெரிவிக்கும். ஆதலின் மோதிரத்திற்குக் கல் தேடும் நாம் ஊர்ப்பெயருக்காகக் கூடுதல் பொருள் தருதல் வேண்டா. நிறம், தெளிவு, திருத்தம் ஆகிய மூன்றுக்குமே விலை தருக.

சுற்றுலா செல்லும் இடத்தில் தெருவில் கூவி விற்பவரிடம் வாங்குதல் தகாது. சுரங்கம் உள்ள ஊரில் விற்பதனாலேயே அது சுரங்கத்துக் கல் ஆகிவிடாது. உலைக்கல்லும் அவ்வூருக்கு வந்து விலைபோகும்.

வாங்கும் நாளில் செய்வன

மணிகளை ஆராயும் கலை நம் முன்னோர் போற்றிய கலை. தில்லியில் அலாவுதீன் கில்ஜியின் ஆட்சியில் அரசுக் கருவூலப் பணியில் இருந்த தக்குர பேரு என்னும் சமணர், 'ரயணபரிக்கா' என்ற மணி ஆராய்ச்சி நூலை 1315இல் பிராகிருத மொழியில் இயற்றினார். அவர் வழிவந்த நாம் பின்வருவனவற்றையேனும் செய்தல் கடமை.

1. கல்லைக் காலை நேரப் பகல் வெளிச்சத்தில், வெள்ளைத் தாளின்மேல் வைத்துப் பார்க்க. கடையின் மஞ்சள் விளக்கு மாணிக்கத்தை மிகுத்துக் காட்டும்; நீலத்தைக் கருக்கச் செய்யும்.

2. அச்சிட்ட தாளின்மேல் கல்லை முகம் மேலாக வைக்க. நடுப்பகுதி வழியே எழுத்துகளைப் படிக்க முடிந்தால், கல் ஆழமின்றித் தீட்டப்பட்டுள்ளது. அதன் ஒளி நடுவில் வடிந்துவிடும்.

3. பத்து மடங்கு பெருக்கும் கைவில்லையால் உள்ளே நோக்குக. உருண்டைக் குமிழிகள் கண்ணாடியின் அடையாளம். வளைந்த கோடுகள் உலைக்கல்லின் அடையாளம். இவை ஐயம் எழுப்பவே உதவும். முடிவு கூறுவது ஆய்வுக்கூடமே. நீலத்தைப் பாலில் இட்டால் பால் நீலமாகும் என்பன போன்ற சோதனைகளை நம்பற்க.

4. எடையைக் காரட் அளவில் கேட்க. ஒரு காரட் 200 மில்லிகிராம். ஐந்து காரட் ஒரு கிராம். ரத்தி என்பது குன்றிமணி எடையிலிருந்து வந்த அளவு. இடத்திற்கு இடம் மாறும்.

5. கல்லை மோதிரத்தில் பதிக்கும் முன்பே, விற்பவரைச் சாராத ஆய்வுக்கூடத்தில் காட்டுக. அறிக்கையில் கல்லின் இனம், இயற்கையா செயற்கையா என்பது, எடை, நீள அகலம், திருத்தம், புகைப்படம் ஆகியவை இருத்தல் வேண்டும். 'திருத்தம்' என்னும் பகுதி இல்லாத அறிக்கை அரை அறிக்கையே.

6. ஹால்மார்க் முத்திரை பொன்னின் தூய்மைக்கு உரியது, கல்லுக்கு உரியதன்று. 2023 ஏப்ரல் முதல் பொன் நகைக்குக் கட்டாயமாக்கப்பட்ட ஆறிலக்க அடையாளக் குறியும் கல்லைப் பற்றி எதுவும் சொல்லாது.

7. விலைச்சீட்டில் பொன்னின் எடையும் கல்லின் எடையும் தனித்தனியே இருத்தல் வேண்டும்; இல்லையேல் கல்லுக்கும் பொன் விலை தர நேரும். கல்லின் பெயரையும் திருத்தத்தையும் சீட்டிலேயே எழுதித் தரச் சொல்லுக. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி மாவட்ட ஆணையத்தில் முறையிட நமக்கு உரிமை உண்டு. எழுத்தில் இல்லாததை அங்கு மெய்ப்பிப்பது அரிது.

8. கல்லின் பின்புறம் திறந்திருக்குமாறு பதிக்கச் சொல்லுக. மூடிய அமைப்பின் அடியில் நிறத்தாள் வைத்து வெளிறிய கல்லை ஒளிரச் செய்வதுண்டு.

சமணர் கருத வேண்டுவன

நவமணிகளுள் முத்தும் பவளமும் உயிரினங்களிடமிருந்து பெறப்படுவன. வளர்ப்பு முத்துக்காகச் சிப்பியின் உடலைக் கீறி உட்கரு வைப்பர். முத்தை எடுக்கும்போது சிப்பி பெரும்பாலும் மடிகிறது. கொல்லாமையை உயிரெனப் போற்றும் நாம், மங்கல நாளில் அணியும் மோதிரத்திற்கு அவ்விரண்டையும் தேடாதிருத்தலே தகும். அவற்றின் கடினமும் 5க்குக் கீழ்ப்பட்டதே. மோதிரத்திற்கு அவை தாங்கா.

இராசிக்கு ஏற்ற கல் எது என்று நம் இல்லங்களிலும் கேட்கின்றனர். அவரவர் வினையை அவரவரே நுகர்தல் வேண்டும் என்பது நம் கொள்கை. கல் வினையை மாற்றாது. அணிவோர் கண்ணுக்கு இனிய நிறம் எது, அவர் கைவேலைக்கு ஏற்ற கல் எது என்பவையே பொருத்தம் பார்க்கத் தக்கவை.

நிறைவாக

அறிக்கை கைக்கு வந்த மறுநாளே யாமும் சம்பந்தியம்மாளும் பத்தர் வீட்டுக்குச் சென்றோம். திண்ணையில் பலரும் கேட்க, "கல்லை மாற்றியவர் நீங்கள் அல்லர், எது என்று அறியாமல் வாங்கியவர்கள் யாம். எங்களைப் பொறுத்தருள வேண்டும்" என்றோம். அவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "ஒரு வாரமாக யாரும் பட்டறைக்கு வரவில்லை அம்மா" என்று மட்டும் சொன்னார்.

திருமணத்திற்கு முன் புதிய கல் ஒன்றைத் தேர்ந்தோம். ஒரு காரட்டுக்கும் குறைந்த எடையுள்ள இலங்கை நீலம். 'வெப்பமூட்டப்பட்டது' என்று அறிக்கையிலும் சீட்டிலும் எழுதப்பட்டிருந்தது. நீலம் எல்லோர்க்கும் ஒத்துக்கொள்ளுமோ என்று சம்பந்தியம்மாள் முதலில் தயங்கினார். "பொய்க்கல்தான் நமக்கு ஒத்துக்கொள்ளவில்லை" என்று மாப்பிள்ளை சிரித்தார், அவரும் சிரித்துவிட்டார். புதிய மோதிரத்தை அப்பத்தரே செய்தார். கல்லைப் பதிக்கும் முன் அறிக்கையைப் படித்துக் காட்டச் சொல்லிக் கேட்ட பின்னரே தொழிலைத் தொடங்கினார்.

பொய் சொல்ல வேண்டும் என்று எண்ணி அன்று யாம் எதுவும் சொல்லவில்லை. கடைக்காரர் சொன்னதையே திருப்பிச் சொன்னோம். ஆயினும் ஆராயாமல் சொன்ன அச்சொல்லால் ஒரு முதியவர் ஒரு வாரம் கள்வராகத் தலைகுனிந்து இருந்தார். ஆதலின் கல் வாங்கும் நாளில் கூச்சமின்றிக் கேளுங்கள். விடையை எழுத்தில் பெறுங்கள். பெற்றதைச் சம்பந்தி வீட்டாருக்கு உள்ளது உள்ளவாறே சொல்லுங்கள்.

பயிற்சி வினாக்கள்

1. 'புஷ்பராகம்' என்ற பெயரால் எத்தனை வகைக் கற்கள் விற்கப்படுகின்றன? அவற்றை எவ்வாறு பிரித்துக் கேட்பீர்?
2. கடினம், உறுதி ஆகிய இரண்டின் வேறுபாட்டை மரகதத்தைக் கொண்டு விளக்குக.
3. வெப்பமூட்டிய நீலம் மோதிரத்திற்கு ஏற்றது, கண்ணாடி நிரப்பிய மாணிக்கம் ஏற்றதன்று. ஏன்?
4. ஹால்மார்க் முத்திரை எதற்குச் சான்று? எதற்குச் சான்று அன்று?
5. செய்முறை: உங்கள் இல்லத்தில் உள்ள கல் நகை ஒன்றின் விலைச்சீட்டைத் தேடி எடுத்து, கல்லைப் பற்றி அதில் எத்தனை சொற்கள் உள்ளன என எண்ணிப் பார்த்து, இல்லத்தாரோடு உரையாடுக.